ஆங்கிலவழிப் புராஜெக்டும் 25 டிகிரி உப்பும்

கேள்வி, 11 ஜூன் 2024

என் பெண் எட்டாம் வகுப்பு, ஆங்கிலவழி. வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் பேச வராது. போன வருடம் மட்டும் ஒன்பது புராஜெக்ட். சார்ட், தெர்மாகோல், ஜிகினா என்று ஆயிரம் ரூபாய்க்கு மேல் போனது. பாதி எழுத்து ஜெராக்ஸ் கடைக்காரர் பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததுதான். அவள் ஆங்கிலத்தில் கடகடவென்று ஒப்பிக்கிறாள், 'அப்படின்னா என்ன?' என்று கேட்டால் விழிக்கிறாள். வேற்று மொழியில் சொன்னால் பாடம் ஏறாது, புராஜெக்ட் என்பது பெற்றோருக்கு வைக்கிற பரீட்சை. இது என் முடிவு. தமிழ்வழிக்கு மாற்றிவிடலாமா? ஆசிரியர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

11 ஜூன், இரவு

நான் இருக்கிறேன். வேதாரண்யம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். காலையில் தமிழ்வழிப் பிரிவு, மதியம் அதே பாடம் ஆங்கிலவழிப் பிரிவு. 2012க்குப் பிறகு அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகியபோது வகுப்பறை இரண்டானது, ஆசிரியர் வாய் ஒன்றுதான். நானே பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன்.

புராஜெக்ட் பெற்றோருக்கு வைக்கிற பரீட்சை என்பதை ஒத்துக்கொள்கிறேன். எங்கள் ஊர் ஜெராக்ஸ் கடையில் 'வாட்டர் சைக்கிள்' என்று சொன்னால் போதும், எந்த வகுப்பு என்றுகூடக் கேட்காமல் பிரிண்ட் வரும். ஒரு வருடம் ஐந்து பிள்ளைகள் ஒரே படத்தை ஒட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரே மேகம், ஒரே மலை, மலை உச்சியில் பனி. வேதாரண்யத்தில் பனிமலை! கடல் இங்கிருந்து சைக்கிள் தூரம்.

வேற்று மொழியில் பாடம் ஏறாது என்பதை மட்டும் அப்படியே ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன், விடைத்தாள் கட்டு கிடக்கிறது.

12 ஜூன்

நானே சொதப்பிய ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

2022ல் எட்டாம் வகுப்பு ஆங்கிலவழிக்கு 'நம் ஊர்த் தொழிலில் அறிவியல்' என்று புராஜெக்ட் கொடுத்தேன். ஒரு பெண்ணின் தாத்தா உப்பளத்தில் ஆயுளைக் கழித்தவர். பாத்தியில் எப்போது உப்பு பிடிக்கும் என்று அவரிடம் கேட்டிருக்கிறாள். 'இருபத்தஞ்சு டிகிரி வந்தா உப்பு விழும்' என்றாராம். அவள் எழுதிக்கொண்டு வந்தது: 'வென் டெம்பரேச்சர் இஸ் ட்வென்டி ஃபைவ் டிகிரி, சால்ட் வில் ஃபால்.'

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிவப்புப் பேனாவை எடுத்து 'டெம்பரேச்சர்' முன்னால் ஒரு 'தி' போட்டேன். 'வில் ஃபால்' என்பதை அடித்துவிட்டு 'இஸ் ஃபார்ம்டு' என்று எழுதினேன். ஓரத்தில் 'குட்'. 20க்கு 18.

பெற்றோர் கூட்டத்தன்று அவள் அதை வாசித்தாள், தாத்தாவும் வந்திருந்தார். கைதட்டல் முடிந்ததும் பேத்தியைக் கூப்பிட்டு, என்ன வாசித்தாய் என்று கேட்டார். 'வெயில் 25 டிகிரி ஆனா உப்பு வரும்னு சொன்னேன் தாத்தா.' மனிதர் சிரித்த சிரிப்பில் வெற்றிலை எச்சில் தெறித்தது. 'இந்த ஊர்ல 25 டிகிரின்னா நான் போர்வை தேடுவேன்டி!' அப்புறம் என் பக்கம் திரும்பி, கொஞ்சம் சங்கோஜமாக, 'டிகிரின்னா சூடு இல்ல சார், தண்ணியோட கனம். கண்ணாடிக் குழாயை உள்ள விட்டுப் பாப்போம்ல' என்றார்.

அந்தக் கண்ணாடிக் குழாயை நானும் பார்த்திருக்கிறேன். திரவமானி. அதிலிருக்கும் அளவுகோல் பாமே அளவுகோல், 1768ல் அந்துவான் பாமே என்ற பிரெஞ்சு மருந்தாளர் வகுத்தது. கடல் நீர் அதில் மூன்று, மூன்றரை காட்டும். வெயிலில் காய்ந்து காய்ந்து 25ஐத் தாண்டும்போது சோற்றுப்பு படிகமாக விழத் தொடங்கும். 29, 30 வந்தால் மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மக்னீசியம் உப்புகளும் சேர்ந்து இறங்கிக் கசக்கும்.

இதெல்லாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய விருந்து! அந்த வாக்கியத்தில் நான் தேடியதோ 'தி'. ஆங்கிலம் கெட்டிருந்ததால் என் கண் ஆங்கிலத்துக்கே போனது. அறிவியல் கெட்டிருந்தது தெரியவில்லை. புராஜெக்டை வேற்று மொழியில் வைத்தால் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்கிறீர்கள். எனக்கு அதைவிடப் பெரிய பயம், ஆசிரியருக்குப் பாடம் கண்ணில் படாமல் போவது.

14 ஜூன்

ஒருவர் 'அப்போ தமிழ்வழியில் இந்தச் சிக்கலே இல்லை, அவ்வளவுதானே' என்று கேட்டிருக்கிறார். பாதி ஆமாம்.

ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆங்கிலவழியில் 'சாச்சுரேட்டட் சொல்யூஷன்'. பிள்ளைகளுக்கு அது ஒரு ஓசை. தமிழ்வழிப் புத்தகத்தில் 'தெவிட்டிய கரைசல்'. கல்யாண வீட்டில் மூன்றாவது கரண்டிப் பாயசம் தெவிட்டும் என்று தெரியாத பிள்ளை உண்டா? தண்ணீருக்கு உப்பு தெவிட்டிவிட்டது, இனிமேல் போட்டால் அடியில் தங்கும். அந்தச் சொல்லை ஆக்கியவர் யாரோ, அவருக்கு ஒரு மாலை போட வேண்டும்.

ஆனால் எல்லாச் சொல்லும் பாயசம் இல்லை. 'சவ்வூடு பரவல்' என்று சொல்லிவிட்டுத் தமிழ்வழிப் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். 'வினைவேக மாற்றி', 'முடுக்கம்', 'திசைவேகம்' எல்லாம் அப்படித்தான். 'எடை', 'நிறை' இன்னும் மோசம்: ரேஷன் கடையில் எடை கிலோவில் இருக்கும், புத்தகத்தில் எடை நியூட்டனுக்குப் போய்விடும். வீட்டுத் தமிழிலிருந்து பாடத் தமிழுக்கும் ஓர் ஆற்றைக் கடக்க வேண்டும். அகலம் குறைவு, அவ்வளவுதான்.

15 ஜூன்

அடி வாங்கிவிட்டேன். மதுரை வாசகர் ஒருவர் கேட்கிறார்: 'தாத்தா பேசியது தமிழ், பேத்தி கேட்டது தமிழ். டிகிரி என்ற சொல் இருவர் வாயிலும் தமிழாகத்தான் புழங்குகிறது. தமிழ்வழிப் பிள்ளையாக இருந்தாலும் "வெப்பநிலை 25 டிகிரி ஆகும்போது" என்றுதான் எழுதியிருக்கும். ஆங்கிலத்தின் மேல் ஏன் பழி?'

யோசித்துப் பார்த்தேன், அவர் சொல்வது சரி. பிழை பிறந்தது தமிழில். ஆங்கிலம் செய்ததெல்லாம் அதற்கு ஒரு போர்வை போர்த்தியதுதான். அவள் 'வெப்பநிலை 25 டிகிரி' என்று தமிழில் எழுதியிருந்தால், திருத்த இலக்கணம் எதுவும் இல்லாததால், 'இந்த ஊரில் மார்கழியில்கூட மதியம் 25ஐத் தாண்டுமே' என்று எனக்கு உறைத்திருக்கும். உறைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஆக 12ஆம் தேதி எழுதியதில் பேத்தியை விட்டுவிடுங்கள், குற்றவாளி நான் மட்டும்.

15 ஜூன், சற்று நேரம் கழித்து

டிகிரி காப்பியை யாராவது இழுப்பீர்கள் என்று தெரியும். ஆமாம், பாலில் லாக்டோமீட்டர் விட்டு டிகிரி பார்த்ததால் அந்தப் பெயர் என்று ஒரு கதை கும்பகோணத்தில் உண்டு. வேறு கதைகளும் உண்டு, நான் பஞ்சாயத்துக்கு வரவில்லை. லாக்டோமீட்டரும் உப்பளக் குழாயும் அண்ணன் தம்பி என்பது மட்டும் நிஜம். பால் சொசைட்டிக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளிடம் அதைச் சொன்னபோது முகம் மலர்ந்தது.

'டிகிரி முடிக்காத தாத்தா டிகிரி முடித்த வாத்தியாருக்கு டிகிரி சொல்லிக்கொடுத்தார்' என்று ஒருவர் எழுதியிருப்பதை என் மனைவி ஆசிரியர் அறை வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டாள்.

22 ஜூன்

'ஐரோப்பாவில் வேற்று மொழியில் பாடம் நடத்துவதை முறையாகவே செய்கிறார்களே, கிளில் என்று பெயர்' என்று ஒருவர். 1994ல் டேவிட் மார்ஷ் என்ற கல்வியாளர் வைத்த பெயர். பாடமும் மொழியும் ஒரே வகுப்பில், ஒன்றுக்குள் ஒன்று. பின்லாந்துப் பிள்ளை புவியியலை ஆங்கிலத்தில் கொஞ்சம் படிக்கும், குழுவாகப் புராஜெக்ட் செய்யும். கேட்க நன்றாக இருக்கிறது. அந்தப் பிள்ளை ஃபின்னிஷ் மொழியில் நன்றாக வாசிக்க எழுதத் தெரிந்துகொண்டு ஆங்கிலத்துக்கு வருகிறது, ஆங்கிலம் சரியாக வராவிட்டால் அதன் வாழ்க்கை கவிழ்வதில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

எல்லாரும் காட்டும் இன்னொரு உதாரணம் கனடா. 1965ல் மொன்றியல் பக்கம் செயிண்ட் லாம்பெர்ட்டில், ஆங்கிலம் பேசும் பெற்றோர்கள் தாங்களே கேட்டு, பாலர் வகுப்பிலிருந்து பிள்ளைகளைப் பிரெஞ்சில் படிக்க வைத்தார்கள். வாலஸ் லாம்பெர்ட் என்ற உளவியலாளர் கூடவே இருந்து ஆராய்ந்தார் (ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் ஒன்றாக இருப்பது தற்செயல்). பிள்ளைகள் பிரெஞ்சும் கற்றார்கள், ஆங்கிலமும் குறையவில்லை, கணக்கும் குறையவில்லை. இதைக் காட்டித்தான் ஊருக்கு ஊர் 'பார், வேற்று மொழியில் படித்தால் ஒன்றும் ஆகாது' என்கிறார்கள்.

அங்கே ஆசிரியருக்குப் பிள்ளையின் ஆங்கிலம் புரியும். முதலில் பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னால் கேட்டுக்கொள்வார், அடிக்க மாட்டார், அபராதம் போட மாட்டார். தமிழில் பேசினால் பத்து ரூபாய் என்று உண்டியல் வைத்த பள்ளி ஒன்றில் நானே ஒரு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அந்த உண்டியலையும் கனடாவையும் ஒரே பேச்சில் சேர்ப்பதுதான் எனக்கு எரிச்சல்.

அதே கனடாவில் ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வி ஆய்வாளர் சொன்னதையும் வைத்துக்கொள்ளுங்கள்: அன்றாடப் பேச்சு வேற்று மொழியில் இரண்டு வருடத்தில் வந்துவிடும், பாடத்தை அந்த மொழியில் கையாள ஐந்திலிருந்து ஏழு வருடம் பிடிக்கும். இது தெருவெல்லாம் அந்த மொழி பேசும் நாட்டுக்குக் குடிவந்த பிள்ளைகளின் கணக்கு. எங்கள் தெருவில் ஆங்கிலம் பேசுவது ஏ.டி.எம். மட்டும்.

23 ஜூன்

ஈப்போவிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதியிருக்கிறார். மலேசியாவில் 2003ல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறின, தமிழ்ப் பள்ளிகளிலும்தான். ஆசிரியர்களுக்கு லேப்டாப், புரொஜெக்டர், குறுந்தகடுகள் எல்லாம் வந்தன. 2009ல் கைவிடுவதாக அறிவித்தார்கள், 2012லிருந்து படிப்படியாகப் பழைய மொழிக்கே திரும்பினார்கள். பிறகு 2016ல், விரும்பும் பள்ளிகளுக்கு என்று, இருமொழித் திட்டமாக அது வேறு வாசலில் மறுபடி வந்தது.

அவர் எழுதியதில் எனக்குத் தைத்தது ஒரு வரி: 'குறுந்தகடு ஆங்கிலத்தில் பேசும், நான் அதை நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்வேன், மேலதிகாரி வந்தால் நிறுத்தாமல் ஓடவிடுவேன்.' அம்மா, இங்கேயும் அதே கதைதான். வராந்தாவில் ஷூ சத்தம் கேட்டால் என் வகுப்பும் ஆங்கிலத்துக்கு மாறிவிடும்.

30 ஜூன்

சரி, புலம்பல் போதும், இப்போது என்ன செய்கிறேன் என்பதைச் சொல்கிறேன்.

2022ல் அதே வகுப்பில் இன்னொரு குழு கஜா புயல் பற்றிப் பேட்டி எடுத்தது. 2018 நவம்பர் 16 நள்ளிரவுக்குப் பிறகு புயல் எங்கள் கரையில் ஏறியது. பாத்திகளில் கடல் கொண்டுவந்து கொட்டிய சேற்றைப் பற்றி ஒரு பாட்டி அரை மணி நேரம் பேசியிருக்கிறார். எந்தப் பக்கத்துச் சேறு, என்ன நிறம், அதை வழித்தெடுத்த பிறகும் முதல் உப்பு ஏன் பழுப்பாக வந்தது. பையன்கள் என்னிடம் வாயால் சொன்னபோது நானே கன்னத்தில் கைவைத்துக் கேட்டேன். அறிக்கையில் இருந்தது இவ்வளவுதான்: 'கஜா இஸ் வெரி பேட் ஃபார் சால்ட்.'

பையன்களுக்குத் தெரியாததால் இல்லை. அவர்களிடம் இருந்த ஆங்கிலத்தின் வாய் அவ்வளவு சிறியது, பாட்டி அதற்குள் நுழையவில்லை.

அதற்கப்புறம் ஒரு விதி வைத்தேன். புராஜெக்ட் நோட்டில் இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். இடப்பக்கத்தில் கேட்டது கேட்டபடி, பாட்டி சொன்ன சொல்லிலேயே. அங்கே நான் எழுத்துப் பிழைகூடத் திருத்த மாட்டேன். முதலில் அதை வைத்துக்கொண்டு குழுவாகத் தமிழில் சண்டை போட வேண்டும்: ஏன் பழுப்பு, எதனால், எப்படிச் சோதிப்பது. சண்டை முடிந்த பிறகுதான் வலப்பக்கம். அதில் ஐந்து வாக்கியம் போதும். ஆனால் இடப்பக்கத்தில் இல்லாத எதுவும் வலப்பக்கத்தில் இருக்கக் கூடாது. இந்த ஒரு விதியில் ஜெராக்ஸ் கடை வியாபாரம் படுத்துவிட்டது, பனிமலைக்கு இடப்பக்கம் கிடையாதே.

நான் முதல் முறை வாசிக்கும்போது சிவப்புப் பேனா மேசை டிராயருக்குள் இருக்கும். பாடம் சரியா என்று மட்டும் பார்த்து பென்சிலில் குறிப்பு. மொழிக்கு மறுநாள்.

பிற்பாடு தெரிந்தது, இதுவும் புதுசு இல்லையாம். வேல்ஸில் ஆங்கிலத்தில் படித்து வெல்ஷில் எழுத வைக்கும் முறைக்கு 1990களிலேயே கென் வில்லியம்ஸ் என்பவர் பெயர் வைத்து ஆராய்ந்திருக்கிறார். நம் வகுப்பில் தினமும் நடப்பதுதான், நாம் அதைத் திருட்டுத்தனமாகச் செய்தோம்.

9 ஜூலை

பார்வைக்கு வந்த ஒருவர் இடப்பக்கத்தைப் பார்த்தார். 'இங்கிலீஷ் மீடியம் நோட்டில் ஏன் இவ்வளவு தமிழ்?' விளக்கினேன். 'நல்ல முயற்சி' என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டில் 'ஆங்கிலப் பயன்பாட்டை அதிகரிக்கவும்' என்று எழுதிவிட்டுப் போனார். ஒரே ஆள், ஒரே நிமிடம்.

13 ஜூலை

இந்த வருடப் புராஜெக்ட்: பிள்ளைகளே உப்பளக் குழாய் செய்வது. பாமே அளவுகோலில் எனக்குப் பிடித்ததே, அது உப்பை வைத்தே வகுக்கப்பட்டது. சுத்தத் தண்ணீர் 0. பதினைந்து சதவீத உப்புத் தண்ணீர் 15. இடைவெளியைச் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

எப்படி: ஒரு ஸ்ட்ரா. அடியை எம்சீல் வைத்து அடைத்து, சைக்கிள் கடையில் கேட்டு வாங்கிய பால்ரஸ் குண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே போட்டு, தண்ணீரில் நேராக நிற்கும் வரை பாரம் ஏற்றுங்கள். நீர்மட்டத்தில் பேனாவால் 0. பிறகு 100 மில்லி தண்ணீரில் 15 கிராம் உப்பு கரைத்து, அதில் மிதக்கவிட்டு 15. கனமான நீரில் ஸ்ட்ரா மேலே எழும்பும், அதனால் 15 என்ற கோடு 0க்குக் கீழே வரும். பிள்ளைகள் எல்லாரும் ஒருமுறையாவது தலைகீழாகக் குறிப்பார்கள், குறிக்கட்டும்.

பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்கு 2019லிருந்து தமிழ்நாட்டில் தடை. காகித ஸ்ட்ரா ஐந்து நிமிடத்தில் ஊறி வளைந்தது. மெழுகுவர்த்தியை உருக்கித் தடவிய பிறகு நின்றது.

14 ஜூலை

ஐயோ, நிறுத்துங்கள். திருச்சியிலிருந்து ஒரு வேதியியல் மாணவி தலையில் குட்டியிருக்கிறாள். 100 மில்லியில் 15 கிராம் என்றால் அது 15 சதவீதம் இல்லை சார், 115ல் 15, அதாவது 13. 85 மில்லி தண்ணீரில் 15 கிராம் போட வேண்டும். அவள் சொல்வதுதான் சரி. நேற்றைய குறிப்பின்படி கோடு போட்ட ஸ்ட்ரா எல்லாம் கூட்டிக் காட்டும். வகுப்பில் எட்டுக் குழுவும் என் கணக்கில்தான் கோடு போட்டிருக்கிறது, நாளைக்கு எல்லாவற்றையும் அழிக்க வேண்டும்.

கல்லுப்பு என்றால் ஈரம் இருக்கும், வாணலியில் வறுத்துவிட்டு எடை போடுங்கள் என்றும் சொல்லியிருக்கிறாள். அதையும் செய்கிறோம்.

வேற்று மொழியால் வந்த பிழை இல்லை இது என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். சுத்தத் தமிழில் யோசித்துச் செய்த தப்பு.

28 ஜூலை

மானிப்பாயைப் பிறந்த ஊராகக் கொண்ட ஒருவர் சாமுவேல் கிரீனை நினைவுபடுத்தினார். நன்றி அண்ணா, நானே எழுத நினைத்திருந்தேன். 1847ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர். மானிப்பாயில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு முதலில் ஆங்கிலத்தில்தான் மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் சம்பளம் கிடைக்கும் இடம் பார்த்துப் போனார்கள், ஊரில் வைத்தியருக்குத் தட்டுப்பாடு அப்படியே இருந்தது. பிறகு 1860களில் தமிழுக்கு மாறினார். தாமே தமிழ் படித்து, மாணவர்களோடு உட்கார்ந்து புத்தகங்களைத் தமிழாக்கினார். 1875ல் வந்த வேதியியல் நூலுக்குப் பெயர் 'கெமிஸ்தம்'.

கெமிஸ்தம்! வகுப்பில் சொன்னேன், ஒரு வாரமாக எல்லாவற்றுக்கும் 'தம்' சேர்க்கிறார்கள். பிசிக்ஸ்தம், ஹோம்வொர்க்தம். எனக்குப் பின்னால் சார்தம்.

சிரிப்புக்கு நடுவில் எனக்கு வேறொன்று உறைத்தது. கிரீனுக்குத்தான் தமிழ் வேற்று மொழி, பிள்ளைக்கு இல்லை. ஆற்றைக் கடக்கும் பாட்டை ஆசிரியர் ஏற்றுக்கொண்டார். நாங்கள் அதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் தலையில் வைத்துவிட்டு, கரையில் நின்று 'தி' போடுகிறோம்.

11 ஆகஸ்ட்

கேள்வி கேட்டவர் இரண்டு மாதமாகப் பொறுமையாகக் காத்திருந்து, 'மாற்றலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில்' என்கிறார். ஒரே வார்த்தையில் வராது.

அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு என்பதை நினைத்து மாற்றுவதாக இருந்தால், அது இனி உதவாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பள்ளிப் படிப்பும் தொடக்கத்திலிருந்தே தமிழ்வழியாக இருக்க வேண்டும். வேறு காரணத்துக்காக என்றால், எட்டாம் வகுப்பு நடுவில் மாற்றினால் அவள் 'சவ்வூடு பரவ'லைப் புதிதாகக் கடக்க வேண்டும். கடந்துவிடுவாள், ஆனால் ஒரு வருடம் அதற்கே போகும். முதல் வகுப்பில் கேட்டிருந்தால் யோசிக்காமல் தமிழ்வழி என்றிருப்பேன்.

என்னைக் கேட்டால், இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். வீட்டில் இடப்பக்கத்தை நீங்கள் தொடங்குங்கள். அடுத்த புராஜெக்ட் வரும்போது சார்ட் வாங்கும் முன்னால் உங்களிடம் தமிழில் பத்து நிமிடம் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரியவில்லை என்றால் தயங்காமல் 'புரியலை'. உங்களுக்கு ஆங்கிலம் வராது என்பது இதில் குறையே இல்லை, அதுதான் வசதி. ஆங்கிலம் தெரிந்த அப்பா அம்மா பாதியில் 'கரெக்ட், கரெக்ட்' என்று தலையாட்டிவிடுவார்கள்.

18 ஆகஸ்ட்

'அப்படியானால் வலப்பக்கம் எதற்கு, தமிழோடு நிறுத்தலாமே' என்று மதுரைக்காரர் விடவில்லை.

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். போன டிசம்பரில் பிள்ளைகளைக் கோடியக்கரைக்கு அழைத்துப் போனோம், பூநாரை பார்க்க. பெரிய கேமராவோடு ஒரு வங்காளத்துக்காரர் நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாது, பிள்ளைகளுக்கு வங்காளம் தெரியாது. தூரத்தில் வெள்ளையாகக் குவித்திருந்ததைக் காட்டி என்ன என்று கேட்டார். வகுப்பில் வாயே திறக்காத ஒருத்தி பத்து நிமிடம் பேசினாள். வினைச்சொல் ஒன்றுகூட நேராக நிற்கவில்லை. அவர் திருப்பித் திருப்பிக் கேட்டார், அவள் குச்சியை எடுத்து மணலில் பாத்தி வரைந்து காட்டினாள்.

அன்றைக்குத்தான் அவளுடைய ஆங்கிலத்துக்குக் கேட்க ஓர் ஆள் கிடைத்தது. தமிழ் தெரிந்த நாற்பது பேரும் தமிழ் தெரிந்த ஒரு வாத்தியாரும் இருக்கிற அறையில் ஆங்கிலத்தில் ஒப்பிக்கச் சொன்னால், அது பேச்சு இல்லை, வேஷம். வலப்பக்கத்தை வாசிக்க நிஜமான ஓர் ஆளைத் தேட வேண்டும். கொச்சியில் என் நண்பர் ஒருவர் ஆசிரியர், அவர் வகுப்போடு கடிதம் மாற்றிக்கொள்ளப் பார்க்கிறோம். மலையாளத்துப் பிள்ளைக்கும் எங்கள் பிள்ளைக்கும் நடுவில் எழுத்துக்கு ஆங்கிலம்தான் பாலம்.

31 ஆகஸ்ட்

இன்று சனிக்கிழமை, உப்பளத்துக்குப் போனோம். 1930ல் திருச்சியிலிருந்து ராஜாஜி நடந்து வந்து உப்பு எடுத்த அதே அகஸ்தியம்பள்ளி. தாத்தா வந்திருந்தார், 2022ல் என்னைத் திருத்தினாரே அவரேதான். பேத்தி இப்போது பத்தாம் வகுப்பு, அவளும் வந்தாள்.

எட்டு ஸ்ட்ராவில் ஒன்று வழியிலேயே உடைந்தது, இன்னொன்று மெழுகு பிளந்து மூழ்கியது. பாத்தித் தண்ணீரை வாளியில் மொண்டு தாத்தா முதலில் தம் குழாயை விட்டார்: 24. பிள்ளைகளின் ஆறு ஸ்ட்ராவும் வரிசையாக: 19, 22, 23, 23, 25, 28. தண்ணீரில் 14 சென்டிமீட்டர் மூழ்கும் ஸ்ட்ராவில் ஒரு டிகிரி என்பது ஒரு மில்லிமீட்டர்தான், பேனாக் கோடே அவ்வளவு தடிமன் இருக்கும். 28 காட்டிய குழுவைத் தாத்தா விடவில்லை. 'உங்க கணக்குப்படி நான் இதை வடிச்சே விட்டிருக்கணும், என் உப்பெல்லாம் போச்சு' என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். அந்தக் குழு உட்கார்ந்து காரணம் தேடியது: அவர்கள் மட்டும் பழைய கோட்டை அழிக்கவில்லை. என் 100 மில்லிக் கோடு!

உச்சி வெயிலில் பாத்தித் தண்ணீரில் வெப்பமானியும் விட்டுப் பார்த்தார்கள். 38. ஒரே வாளியில் இரண்டு டிகிரி.

2 செப்டம்பர்

நோட்டுகள் வந்தன. ஒரு பையனின் வலப்பக்கம்: 'ட்வென்டி ஃபோர் டிகிரி இஸ் நாட் ஹாட். இட் இஸ் திக். ஹாட் இஸ் தர்ட்டி எய்ட். போத் ஆர் டிகிரி பட் நாட் பிரதர்ஸ்.'

பென்சிலில் 'சரி' என்று போட்டுவிட்டு டிராயரை மூடினேன்.

3 செப்டம்பர்

ஏழு பேர் எழுதியிருக்கிறீர்கள், 'திக்' தப்பு, 'டென்ஸ்' என்று வர வேண்டும் என்று. தெரியும் சாமி. பாகு கெட்டியாக இருப்பது வேறு, கனம் வேறு. எண்ணெய் கெட்டியாக இருந்தும் தண்ணீரில் மிதக்கும். அதை நான் சொல்லித் திருத்தாமல், நாளைக்கு ஒரு டம்ளர் விளக்கெண்ணெயும் அவனுடைய ஸ்ட்ராவும் கொடுக்கப் போகிறேன். 0க்கு மேலேயே மூழ்கும்போது அவன் எந்தச் சொல்லைத் தேடுகிறான் பார்ப்போம்.

'பிரதர்ஸ்' மேல் கை வைக்க மாட்டேன்.

20 அக்டோபர்

கேட்டவர்களுக்கு: விளக்கெண்ணெயில் ஸ்ட்ரா மூழ்கியதும் அவன் முதலில் சொன்னது 'ஸ்ட்ரா ரிப்பேர் சார்'. இடப்பக்கத்தில் இரண்டு பக்கம் அடித்து அடித்து எழுதியிருக்கிறான். வலப்பக்கம் இன்னும் காலி.

மழை பிடித்துக்கொண்டது. பாத்தி எல்லாம் தண்ணீர், தாத்தா குழாயைத் துணி சுற்றிப் பரணில் வைத்துவிட்டாராம். கொச்சியிலிருந்து முதல் கடிதக் கட்டு வந்திருக்கிறது, பிரித்த உடனே சண்டை: மீன் குழம்பில் அவர்கள் போடும் குடம்புளி என்னது என்று கேட்டு எழுத வேண்டும், புளி என்பதற்கு அவர்களிடம் எந்த ஆங்கிலச் சொல் போகும் என்று. எனக்கும் தெரியவில்லை, யாராவது கேரளத்துக்காரர் இருந்தால் சொல்லுங்கள், திங்கட்கிழமைக்குள்.